வெந்நீர்ச் சோதனை

எனக்கு வந்த நோய் நம் நாட்டு ஆட்களுக்கு வராது என்றுதான் அந்தக் காலத்துப் புத்தகங்களில் எழுதியிருந்ததாம். என்னைப் பார்த்த டாக்டரே சொன்னார். குளிர் தேசத்து வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோயாம் அது. எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. நான் மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கல்யாணமாகி முதல் பிள்ளை பெற்றிருந்தேன். யாரிடமும் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அதனால்தான் இத்தனை காலம் இதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை, அது கொஞ்சம் வசதி.

பிள்ளை பெண். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தாள். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான் எங்களுடையது. ஆனாலும் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஊற்றுவதில் மட்டும் திருநெல்வேலியிலிருந்து தாத்தன் பாட்டன் கொண்டுவந்த முறையை ஒருவரும் விடவில்லை. மறையூரிலிருந்து வரவழைத்த நொச்சியிலையைப் போட்டு அண்டா நிறையக் கொதிக்க வைத்து, கை பொறுக்காத சூட்டில் இடுப்பிலும் முதுகிலும் வீசி வீசி ஊற்றுவார். எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது என்பது கணக்கு. எல்லாத் தண்ணீரும் ஊற்றி முடிகிற அன்று ஊற்றுவதைக் கடைசித் தண்ணி என்பார்கள். அதற்குப் பிறகுதான் தாய் எழுந்து நடமாடுவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சர்ச்சுக்குப் போவதும்.

எனக்கு அந்தக் கடைசித் தண்ணி வரவில்லை. அதற்கு முன்பே ஒரு கண்ணில் புகை அடைந்தது. அண்டாவின் ஆவி என்றுதான் நினைத்தேன். ஆவி போய் வீட்டுக்குள் வந்த பிறகும் சுவரில் தொங்கிய இயேசு படம் வெள்ளைத் துணிபோலத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் படுத்திருந்தால் தெளிந்துவிடும். மறுநாள் தண்ணீர் ஊற்றியதும் மறுபடி புகை. பிறகு கால்கள். பாதம் தரையில் இருப்பது கண்ணுக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

ஒருநாள் குளித்து முடித்து, பால் கொடுக்கப் பிள்ளையை வாங்கிக்கொண்டு முக்காலியிலிருந்து எழுந்தேன். கால் வரவில்லை. நான் ஒரு பக்கம் சாய, பிள்ளை என் கையிலிருந்து நழுவி விறகின் பக்கத்தில் மடித்துப் போட்டிருந்த சாக்கின் மேல் விழுந்தாள். சாக்கு இருந்ததால் ஒரு கீறல்கூட இல்லை. மாமியார் என்னைத் திட்டவில்லை. பிள்ளையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“இனும பிள்ளைய இவ கையில குடுக்கப்பிடாது.”

என் கணவரின் அக்கா காந்தலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிற வீடு. அவருக்கும் அப்போது கைப்பிள்ளை இருந்தது, பாலும் இருந்தது. சொல்லி அனுப்பியதும் வந்து என் மகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். உனக்குச் சரியாகிற மட்டும்தான், கவலைப்படாதே என்று என் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. கண்ணால் வந்த புகையா வெளியில் இருக்கிற புகையா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லானது. மாமியார் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டார். பால் வற்றின பிறகு, நான் பிள்ளை பெற்றதற்கு வீட்டில் ஒரு அடையாளமும் இல்லாமல் போயிற்று.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த சத்து மாத்திரை ஒன்றும் செய்யவில்லை. கணவர் என்னை ஜீப்பிலும் பஸ்ஸிலுமாக மலைக்குக் கீழே ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கூடவே இருக்க அவரால் முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் லயத்து வீடும் இல்லை. ஒரு பொட்டலம் ரொட்டியும் கம்பளியும் வைத்துவிட்டு, “பயப்படாத, என்ன?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். வார்டு முழுக்க மலையாளம். சிரித்தாலும் எனக்கில்லை, சண்டை போட்டாலும் எனக்கில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

என்னைப் பார்த்த டாக்டர் மலையாளி. வெளிநாட்டில் நரம்பு நோய் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்தார், உள்ளங்காலைச் சாவியால் கீறினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். அவ்வளவு கேள்வி என்னை ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. உங்கள் தோட்டம் எவ்வளவு உயரம், பனி எத்தனை மாதம், சின்னதில் மணல்வாரி அம்மை வந்ததா, வீட்டில் நாய் வளர்த்தீர்களா, எந்த ஊர்ப் பால் குடித்தாய். நோய்க்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார், எங்கிருந்து இந்த நோய் வருகிறது என்று எந்த தேசத்திலும் யாருக்கும் தெரியாதாம். குளிரும் நாயும் அம்மையும் எல்லாம் ஒவ்வொருவர் சந்தேகமாம். சந்தேகத்தை எல்லாம் கேட்டு எழுதி வைத்தால் ஒருநாள் ஒன்று நிற்கும், மற்றது விழும் என்றார்.

நோயின் பெயரையும் சொன்னார், மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று. என் வாயில் அது நுழைய ஒரு வாரம் ஆனது. கரண்டுக் கம்பிக்கு மேலே ரப்பர் இருக்கிற மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு, அது அங்கங்கே உரிந்துபோகிறது என்று கையை நீட்டிக் காட்டினார். தானாகச் சில நாள் சரியாகும், மறுபடி வரும். பிள்ளை பெற்ற கையோடு வருவதும் உண்டு.

அவருக்கு எங்கள் தோட்டத்தின் உயரம் மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளைக்காரன் ஊர்க் குளிர் மூணாற்றிலும் இருப்பதால்தான் இங்கே ஒருத்திக்கு வந்திருக்கிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். மாணவர்களைக் கூட்டிவந்து இங்கிலீஷில் சொல்லும்போது மூணாறு என்ற சொல் மட்டும் எனக்குப் புரியும். மற்ற டாக்டர்கள் அவரை வெளிநாட்டு நோய் பிடித்து வந்தவர் என்று கேலி செய்வார்களாம், நர்ஸ் சொன்னாள். அவரும் அந்த ஆஸ்பத்திரியில் தனி ஆள்தான் போலிருக்கிறது.

என் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு அக்கா வந்தது அந்தச் சமயத்தில்தான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். நெல்லும் நிலக்கடலையும் விளைகிற பெரிய வீடு. என்னைவிடப் பத்து வயதாவது மூப்பு. ஒரு கால் மரக்கட்டைபோல் விறைத்திருந்தது. அவர் அண்ணன் இரண்டு கையாலும் தூக்கிவந்து கட்டிலில் வைத்தார். வைத்த உடனே அக்கா என் பக்கம் திரும்பி, “ஏனுங் அம்மிணி, தமிழா?” என்றார். தலையாட்டினேன். “அப்பாடா. ரெண்டு நாளா வாய மூடிட்டு வந்தேனுங்க” என்றார்.

அவருக்கும் அதே நோய். அதைக் கேட்டபோது எனக்குள் வந்தது சந்தோஷம்தான். இன்னொருத்திக்கும் நோய் இருக்கிறது என்று சந்தோஷப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. கண்ணில் புகை என்று நான் பாதி சொல்லும்போதே, துணி போட்டு மூடின மாதிரி என்று அவர் மீதியைச் சொன்னார். அதுவரை நான் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்கள் அல்லது நம்பவில்லை. இவர் ஒருவர்தான் அதை நம்பவே தேவையில்லாதவர்.

டாக்டர் அவரிடமும் உயரமும் பனியும் கேட்டார்.

“பனிங்களா? மார்கழி மாசம் விடியக்காலம் கொஞ்சமாட்டப் பேயும். மத்தபடி எங்கூருல பாறை வெடிக்கற வெயிலுங்க” என்றார் அக்கா.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதியிருந்ததை அடித்தார். அவர் போன பிறகு அக்கா என்னிடம், “பாவம் அம்மிணி. நானும் ஒரு குளுரூருல பொறந்திருந்தா அந்த மனுசனுக்கு ஒத்தாசையா இருந்திருக்கும்” என்றார். நான் அந்த ஆஸ்பத்திரியில் சிரித்தது அன்றைக்குத்தான்.

எங்களுக்குத் தினமும் ஒரு ஊசி. மூளைக்கு அடியில் உள்ள ஏதோ சுரப்பியிலிருந்து எடுத்த மருந்தாம், பன்றியின் சுரப்பியாம். அக்கா சைவம். கேட்டதும் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். “எங்க குலசாமிக்குத் தெரியாமப் போடுங்க” என்று கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த ஊசி, இப்போது வந்திருக்கிற தாக்குதலைச் சீக்கிரம் இறக்கும், இனி வராமல் தடுக்குமா என்று தெரியாது என்றார் டாக்டர். வெளிநாட்டில் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் உப்புநீரும் போட்டு ஒத்துப் பார்ப்பார்களாம். “இவிட எனக்கு நீங்க ரெண்டு பேர்தான் உண்டு. யாருக்கு உப்புநீர் தர?” என்றார்.

ஊசியில் கண் தெளிந்தது. சுவரைப் பிடிக்காமல் நடந்தேன். முகம் மட்டும் அப்பம்போல் உப்பியது.

நோய் இதுதான் என்று உறுதி செய்ய ஒரு சோதனை பாக்கியிருந்தது. நீளமான ஒரு தொட்டியில் வெந்நீர் நிரப்பி, என்னை உடுத்த சீலையோடு உள்ளே உட்கார வைப்பார்கள். உடம்பு சூடேறினால் நரம்பில் மறைந்திருக்கிற கோளாறு வெளியே வரும். வெந்நீர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அண்டா ஞாபகம் வந்தது. ஆண் பிள்ளைகள் வேறு சுற்றி நிற்பார்கள். அக்கா நர்ஸிடம் பேசி ஒரு கம்பளியைத் தொட்டிமேல் கழுத்துவரை போர்த்திவைக்கச் செய்தார். அதன் பிறகுதான் இறங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. டாக்டர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். விரலே தெரியவில்லை என்றேன். காலை மடக்கச் சொன்னார், மடங்கவில்லை. சுற்றி நின்றவர்களிடம் அவர் வேகவேகமாக இங்கிலீஷில் பேசினார், குரலில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. உடனே என்னை எடுத்து விசிறியின் கீழ் படுக்கவைத்து ஈரத்துணி போட்டார்கள். “பேடி வேண்டா, பயம் வேண்டா. சூடு நோயைக் கொண்டு வராது. உள்ளே இருக்கறதைக் காணிக்கும், அவ்வளவுதான். ஆறினா சரியாகும்” என்றார் டாக்டர். ஆறியதும் விசிறியின் இறக்கைகள் தெரிந்தன.

அன்றைக்கு நான் ஒரு கேள்வி கேட்டேன். நான் கேட்ட ஒரே கேள்வி அது.

“பிள்ளையத் தூக்கலாமா டாக்டர்?”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “எனக்கு அறியில்லா” என்றார், தெரியாது என்று. கால் எப்போது போகும் என்று யாராலும் முன்னால் சொல்ல முடியாது என்றும், அதைத்தான் எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். பொய் சொல்லித் தேற்றாமல் போனாரே என்று அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது.

விளக்கணைத்த பிறகு அக்கா கட்டிலிலிருந்தே சொன்னார். “தூக்கறது எதுக்கு அம்மிணி? கீழ உக்காந்துட்டு மடியில வாங்கிக்கோ. தரையில உக்காந்தவ எங்க போயி உழுவா?” அவருக்குப் பிள்ளை இல்லை. கல்யாணத்துக்கு முன்பே கால் போய்விட்டது. வைத்தியசாலையில் எண்ணெயைக் காய்ச்சிக் காய்ச்சி உடம்பில் ஊற்றி, நடந்து போனவர் கட்டிலில் திரும்பியதாக ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

நான் வீட்டுக்கு வந்தபோது பிள்ளை பிறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. உப்பின முகத்தைப் பார்த்து மாமியாருக்குத் திருப்தி, நன்றாகத் தேறி வந்திருக்கிறாள் என்று லயம் முழுக்கச் சொன்னார். பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று கணவரிடம் நான் மெதுவாகச் சொல்ல, அவர் தாயிடம் சொன்னார். மாமியார் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“கடைசித் தண்ணி பாக்கி கெடக்கு. அது நின்னு போனதுலதான இத்தனையும் வந்துச்சு? ஊத்தி முடிப்பம். முடிச்சதும் அவ காலால எந்திரிச்சு நடந்து வரட்டும், பிள்ளைய நானே தாரேன்.”

வெந்நீர் ஆகாது என்று டாக்டர் சொன்னார் என்றேன்.

“டாக்டரு பிள்ள பெத்தாரோ?” என்றார்.

கணவர் வெளியே போய்விட்டார். எனக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஊற்றாவிட்டால் பிள்ளை வரமாட்டாள் என்பதும் தெரியும். சனிக்கிழமை ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதென்று முடிவாயிற்று. நாத்தனார் காந்தலூரிலிருந்து என் மகளோடு வந்தார். அவர் இடுப்பில் உட்கார்ந்து அவர் தாலிச் சங்கிலியைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், சங்கிலிக்குத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் அடைத்த குளிப்பிடம். எல்லாரும் பார்க்க நான் நிமிர்ந்து நடந்துதான் உள்ளே போனேன். மாமியார் பழைய முறையிலேயே ஊற்றினார், குறை வைக்கவில்லை. அண்டா பாதியாகும் முன்பே கண்ணைப் புகை மூடியது. முடிந்ததும் உலர்ந்த துணியைச் சுற்றிவிட்டு, “எந்திரி” என்றார். எனக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

முயற்சி செய்யாமல் ஈரக்கல்லின் மேல் காலை நீட்டி நன்றாக உட்கார்ந்தேன்.

“நான் எந்திரிக்க மாட்டேன் அத்தை. பிள்ளைய இங்கயே குடுங்க” என்றேன்.

தகரத்தில் காற்று தட்டியது. நான் மாமியாரைப் பார்த்துத்தான் பேசியதாக நினைத்தேன்; அவர் நின்ற பக்கத்துக்கு நேர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேனாம், நாத்தனார் பிறகு சொன்னார். அவர்தான் வாசலிலிருந்து கேட்டார். “உள்ள போவும்போது நல்லா நடந்துல்லா போனா, அம்மா?”

மாமியார் என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டியது காற்றில் தெரிந்தது. பிறகு என் பாதத்தைத் தொட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. செம்பை வைக்கிற சத்தம் கேட்டது. பச்சை உடம்பில் காற்று படக்கூடாது என்று சாத்தியிருந்த தகரக் கதவை அவரே இழுத்துத் திறந்தார். மலைக்காற்று உள்ளே வந்தது. நான் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கத்திலேயே நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது. வாசலில் ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது, அது என் மகளின் குல்லாய்.

“கையக் கூட்டி வை” என்றார் மாமியார்.

மடியில் வைத்தார். அவள் ஒரு நிமிஷம் சும்மா இருந்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்துக் கையை நீட்டி வீறிட்டு அழுதாள். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். விழுகிற இடம் இல்லை. அதற்கு மேல் யாரும் கடைசித் தண்ணி பற்றிப் பேசவில்லை. மிச்சத் தண்ணீரை மாமியார் வெளியே கொட்டிவிட்டார்.

நாத்தனார் பஸ்ஸுக்குப் போன பிறகு பிள்ளை வாசலையே பார்த்து அழுதாள். பல நாள் அப்படித்தான். நான் இருக்கிற வீட்டில், என் மடியில், அவள் வேறொருத்தியைத் தேடினாள். ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தபோதுகூட அவ்வளவு தனிமை எனக்கு இருந்ததில்லை.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது அவளையும் கூட்டிப்போனேன். நானும் அக்காவும் டாக்டர்கள் படிக்கிற ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறோம் என்று காட்டினார். பெயர் இல்லை. மேலே நான், மலைத்தோட்டத்துப் பெண். கீழே அக்கா, சமவெளிப் பெண். உயரமும் குளிரும் இங்கே ஒத்துவரவில்லை என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா வரவில்லையா என்று கேட்டேன். அவர் அண்ணன் வந்து மருந்து வாங்கிப்போனாராம், இனி தூக்கிவர முடியாது என்றாராம். எனக்கு அந்த ஊருக்குப் போக வழி தெரியாது. அச்சடித்த அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு வரிக்கு நடுவில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இருந்த இடைவெளிகூட இல்லை.

நோய் எனக்குப் பிறகும் வந்தது, போனது. இன்றுவரை பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன், அந்தக் குளிரிலும். பிள்ளையை நான் நின்று தூக்கியதே இல்லை.

அவள் நடக்க ஆரம்பித்த பிறகு ஒன்று கவனித்தேன். காந்தலூர் அத்தையிடம் போனால் காலடியில் நின்று இரண்டு கையையும் மேலே நீட்டுவாள். அப்பாவிடமும் அப்படித்தான். என்னிடம் வரும்போது மட்டும், நான் நின்றுகொண்டிருந்தாலும் சரி, வந்து என் முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்து, நானும் உட்காரும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருப்பாள்.